ராட்டினம் சுற்றுக்கு ஒருமுறை ‘டொக்’ என்று இடிக்கிறது. எங்கே பார்ப்பது?

கேள்வி

வணக்கம். எங்கள் பூங்காவில் ஒரு பழைய குதிரை ராட்டினம் இருக்கிறது. பதினைந்து பேர் சேர்ந்து வார இறுதியில் அதைச் சீர்செய்து வருகிறோம். யாருக்கும் இது தொழில் இல்லை. வரிசைக்கு மூன்றாக 12 வரிசை, மொத்தம் 36 மரக் குதிரைகள். மேலே கிராங்க் (வளைந்த இரும்புத் தண்டு) சுழன்று குதிரைகள் ஏறி இறங்கும் வகை. மேடை முழுவதும் நடுக் கம்பத்திலிருந்து தொங்குகிறது.

மூன்று வாரம் முன்பு வரை நன்றாகச் சுற்றியது. இப்போது மேடை ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ஒரே ஒரு ‘டொக்’. அந்த நொடியில் ஏதோ ஒரு வரிசைக் குதிரைகள் வெட்டி இழுத்ததுபோல் குலுங்குகின்றன. பேரிங் எல்லாவற்றுக்கும் கிரீஸ் வைத்தோம், பெல்ட்டை இறுக்கினோம், பலனில்லை. கம்பத்து உச்சியில் உள்ள பெரிய பேரிங்கைக் கழற்றிப் பார்க்கலாமா? வேலை நிற்கக் கூடாதென்று வெளிவட்டக் குதிரைகள் நான்கைக் கழற்றிக் கொட்டகையில் வைத்து, உப்புத்தாள் போட்டுப் பழைய பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளும் உதவுகிறார்கள்.

பதில் 1

கம்பத்தைச் சுற்றி அசையாமல் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும். ஏணி வைத்து ஏறிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பதில் 2

உச்சி பேரிங்கைத் தொடாதீர்கள். மொத்தப் பாரமும் அதன் மேல்தான் நிற்கிறது. ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் அதை அவிழ்க்கவே முடியாது.

பல் உடைந்தது மட்டும் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. ஒவ்வொரு கிராங்கின் உள்முனையிலும் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. அது அசையாத பெரிய சக்கரத்தின் மேல் உருண்டு போவதால்தான் கிராங்க் சுழல்கிறது. 12 வரிசைக்கு 12 சின்னச் சக்கரம். உடைந்த பல்லை அத்தனையும் கடந்தாக வேண்டும், அப்படியானால் சுற்றுக்கு 12 இடி கேட்க வேண்டும். கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தாலும் ஒன்றோடு நிற்காது. மேடை ஒருமுறை சுற்றுவதற்குள் கிராங்க் பலமுறை சுழல்கிறதே. உங்களுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று என்றால், குறிப்பிட்ட ஒரு வரிசை குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் ஏதோ நடக்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, கையால் தள்ளி மெதுவாகச் சுற்றுங்கள். மேலே யாரும் இருக்க வேண்டாம். ‘டொக்’ வந்ததும் நிறுத்தி, மேடை விளிம்பில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. ஐந்தாறு சுற்று இப்படிப் பாருங்கள். இன்னொன்று, அந்த நான்கு குதிரைகளையும் எப்போது கழற்றினீர்கள்? அடுத்தடுத்த வரிசைகளிலா?

பதில் 3

இடியைவிட எனக்கு அந்த உப்புத்தாள்தான் பயமாக இருக்கிறது. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி நேராகப் பிள்ளைகளின் மூச்சில்தான் போகும். கொட்டகையைப் பெருக்கவும் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். முதலில் பெயிண்டைப் பரிசோதித்துவிடுங்கள்.

அப்புறம், அடிப்பெயிண்டுதான் அந்தக் குதிரையின் பிறப்புச் சான்று. வயிற்றுக்கு அடியில் நகமளவு இடத்தில் ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டி, எந்த நிறத்துக்குக் கீழே எந்த நிறம் என்று படம் எடுத்து வையுங்கள். கூட்டத்தைப் பார்க்கும் பக்கத்தில்தான் செதுக்கு வேலை அதிகம், அங்கே சோதனை வேண்டாம். அமெரிக்க ராட்டினங்கள் பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் அது குதிரையின் வலப்பக்கம். பிரிட்டிஷ் ராட்டினங்கள் வலஞ்சுழி, ஆகவே இடப்பக்கம். குதிரையைத் தண்ணீரிலோ ரசாயனத்திலோ ஊறவைக்கவும் கூடாது. உள்ளே கூடாகப் பலகைகளை ஒட்டிச் செய்த உடம்பு அது. பழைய எலும்புப் பசை ஊறினால் இணைப்பு விட்டுவிடும்.

கேட்டவர்

தேய்ப்பதை அன்றே நிறுத்திவிட்டோம். பிள்ளைகளைக் கொட்டகைப் பக்கம் விடுவதில்லை.

சாக்பீஸ் போட்டோம். ஆறு சுற்றிலும் மேடைக் கோடு 5-ம் வரிசையில், தரைக் கோடு டிக்கெட் சாளரத்துக்கு நேரே, ஒன்றன்மேல் ஒன்றாக. கழற்றிய குதிரைகள் 4, 5, 6, 7-ம் வரிசைகளில் இருந்தவை. தேதியைப் பார்த்தால், சத்தம் தொடங்கியதும் அதே சனிக்கிழமைதான். எங்களில் யாருக்கும் இது தோன்றவே இல்லை.

பதில் 2

அங்கேதான் விஷயம். தொங்கும் மேடை தராசு மாதிரி. ஒரு பக்கம் நான்கு குதிரை குறைந்தால் அந்தப் பக்கம் எழும்பும், எதிர்ப்பக்கம் தாழும். பற்கள் ஒரு பக்கம் ஆழமாகக் கடிக்கும், மறுபக்கம் மேலோட்டமாகக் கடிக்கும். பெரிய சக்கரத்தில் ஏற்கெனவே ஏதோ ஓர் இடம் பலவீனமாக இருந்திருக்கிறது. கடி சரியாக இருந்தவரை சமாளித்தது, இப்போது வழுக்குகிறது.

மேடை விளிம்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைச் சுற்றிலும் அளந்து எழுதுங்கள். பிறகு குதிரைகள் இருந்த இடத்தில் அதே எடைக்கு மணல் மூட்டை வைத்துச் சுற்றிப் பாருங்கள். மேடையைத் தாங்கும் கம்பிகளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிளைத் திருகி மட்டம் செய்ய மட்டும் போகாதீர்கள். குதிரைகளைத் திரும்ப மாட்டும்போது எல்லாம் கோணலாகிவிடும்.

கேட்டவர்

5-ம் வரிசைப் பக்கம் விளிம்பு எதிர்ப்பக்கத்தைவிட ஒரு விரற்கடை உயரம்! மூட்டை வைத்ததும் மட்டம் வந்தது, குதிரைக் குலுக்கல் போயே போய்விட்டது. காதை வைத்துக் கேட்டால் மட்டும் அதே இடத்தில் மெல்லிய ‘டிக்’.

மேடையை நிறுத்தி மேலே ஏறிப் பார்த்தோம். பெரிய சக்கரம் ஒரே வார்ப்பு இல்லை, துண்டுகளாக வார்த்துப் போல்ட்டால் கோத்தது. டிக்கெட் சாளரத்துக்கு மேலே ஓர் இணைப்பு. அதில் ஒரு போல்ட் கையாலேயே சுழல்கிறது. பக்கத்துப் பல்லின் ஓரத்தில் அரிசி அளவு சில்லு பெயர்ந்து, கறுத்த கிரீஸ் நடுவே அந்த இடம் மட்டும் வெள்ளியாக மின்னுகிறது. பல்லை வெல்டிங்கில் நிரப்பிவிடலாமா?

பதில் 2

வேண்டாம். வார்ப்பிரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் வெல்டு செய்தால் பக்கத்திலேயே விரிசல் ஓடும். சில்லு ஓரத்தை அரத்தால் மழுங்கத் தேய்த்து, போல்ட்டைப் புதிதாக மாற்றி இறுக்குங்கள். பல் பெரும்பாலும் முழுசாக இருந்தால் அதுவே ஓடும். என்றாவது தேய்ந்துபோனால் அந்தத் துண்டை மட்டும் அச்செடுத்து வார்க்கலாம்.

கேட்டவர்

போல்ட் மாற்றியாகிவிட்டது. நேற்று மாலை இருபது சுற்று விட்டோம். ‘டிக்’ இல்லை, குதிரைகள் ஏறி இறங்கும் காற்றோசை மட்டும்தான். நான்கு குதிரைகள் திரும்பும்வரை மூட்டைகள் அங்கேயே இருக்கும். அடுத்த சனிக்கிழமை 2-ம் வரிசையையும், நேர் எதிரே இருக்கும் 8-ம் வரிசையையும் சேர்த்தே இறக்குகிறோம்.