பிறந்த தேதி கேட்கும் இடத்தில் தயங்குகிறார்கள்: வாசகத்தை எப்படி மாற்றுவது?

கேள்வி:
பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துத் தமிழ் விவசாயிகள் டிராக்டரை வாடகைக்கு முன்பதிவு செய்வதற்கான செயலி ஒன்றுக்குத் தமிழ் வாசகங்களை எழுதி வருகிறேன். பெயர், குடும்பப் பெயர், வீட்டுப் பெயர், கைபேசி எண், பிறந்த தேதி, ஆதார் எண் ஆகிய அனைத்தும் கட்டாயம். சோதித்துப் பார்த்தவர்களில் பலர் பிறந்த தேதியோடு நின்றுவிடுகிறார்கள். 'உங்கள் விவரங்கள் பாதுகாப்பாக இருக்கும்' என்று மேலே எழுதியும் பயனில்லை. வேறு எப்படி எழுதலாம்?

மறுமொழி 1:
பாதுகாப்பைப் பற்றிய பொதுவான உறுதிமொழி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற ஐயத்தைத் தீர்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் அதற்குரிய காரணத்தை எழுதுங்கள். 'டிராக்டர் புறப்பட்டதும் ஓட்டுநர் உங்களை அழைப்பதற்காக' என்று கைபேசி எண்ணுக்குக் கீழே இருந்தால் எவரும் தயங்கமாட்டார். பிறந்த தேதிக்கு அப்படி ஒரு வரி எழுத முயன்று பாருங்கள். எழுத வரவில்லையென்றால் குறை வாசகத்தில் இல்லை, அந்தக் கட்டமே வேண்டாதது. வயதை உறுதிசெய்வதுதான் நோக்கம் என்றால், '18 வயது நிறைந்துவிட்டதா?' என்ற கேள்வியே போதும்.

மறுமொழி 2:
குடும்பப் பெயரையும் கட்டாயமாக்காதீர்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. அதை விரித்து எழுதச் சொன்னால் ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயருமாகிவிடும். கேரள முகவரியில் வீட்டுப் பெயர் வழக்கம் என்றாலும், எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அது கிடையாது. பெயருக்கு ஒரே கட்டமும், வயலுக்கு வழி சொல்ல 'அருகிலுள்ள கோயில், பள்ளி அல்லது கடை' என்றொரு கட்டமும் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஆதார் எண்ணை மட்டும் விடமுடியாது என்று செயலியை நடத்துபவர்கள் சொல்கிறார்கள்.

மறுமொழி 3:
வாடகைக்கு அது எதற்கு என்று அவர்களிடமே கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று கைபேசியின் தொடர்புப் பட்டியலைக் கேட்பதை அச்சட்டமே எடுத்துக்காட்டாகக் காட்டி, அந்த ஒப்புதல் மருத்துவச் சேவைக்கு அப்பால் செல்லாது என விளக்குகிறது. எந்தத் தரவு எதற்கு என்று சொல்லும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. ஆகவே தமிழ், மலையாளம் இரண்டையும் வையுங்கள். அடையாளச் சான்று வேண்டியே தீரும் என்றால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்கலாம். 'முழு எண்ணைத் தரவேண்டாம்' என்று அந்தக் கட்டத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.