வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத உட்காரலாமா?

களத்துமேடு:
வணக்கம். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஊரைவிட்டு வெளியே வந்து, இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதி எழுதி ஒரு நாவல் புத்தகமாக வந்துவிட்டது, படித்தவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள். அடுத்தது பாதியில் நிற்கிறது. பகலெல்லாம் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு ராத்திரி உட்கார்ந்தால் முந்தைய அத்தியாயத்தில் என்ன எழுதினேன் என்பதே நினைவுக்கு வருவதில்லை. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, வேலையை விட்டுவிடலாமா என்று யோசனை. வீட்டில் "புத்தி கெட்டுப்போச்சா?" என்கிறார்கள், அது பரவாயில்லை. என் பயம் வேறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாடும் கிணறும் பங்காளிச் சண்டையும்தான். அந்தச் சரக்கு தீர்ந்துபோனால்? முழுநேரம் என்று உட்கார்ந்த பிறகு எழுத ஒன்றுமில்லாமல் விழித்தால்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை வாசகி:
தம்பி, சரக்கு தீர்ந்துவிடும் என்ற பயத்தை முதலில் விடுங்கள். போர்ச்சுகல் நாவலாசிரியர் சரமாகோ கதை தெரியுமா? நிலமில்லாத விவசாயக் குடும்பம், கார் பட்டறையில் மெக்கானிக்காக வேலை ஆரம்பித்தவர். 1947இல் ஒரு நாவல் வந்தது, அடுத்த நாவல் வெளியானது 1977இல்! நடுவில் பதிப்பகம், மொழிபெயர்ப்பு, பத்திரிகை என்று பிழைப்பு ஓடியது. 1975 கடைசியில் நாளிதழ் வேலை போனது, அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேறு வேலை தேடாமல் எழுதுவது என்று முடிவெடுத்து, விவசாயக் கூலிகள் வாழும் ஒரு கிராமத்துக்குப் போய்த் தங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டார். அதிலிருந்து வந்த நாவல்தான் 1980இல் அவருடைய நடையையே மாற்றியது. 1998இல் நோபல் வாங்கியபோதும் உரையை எழுதப் படிக்கத் தெரியாத தன் தாத்தாவிடமிருந்துதான் ஆரம்பித்தார். குளிர்கால ராத்திரியில் நோஞ்சான் பன்றிக்குட்டிகள் செத்துவிடாமலிருக்க அவற்றைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் படுக்கையிலேயே போட்டுக்கொண்டு படுப்பார்களாம். பாசத்தால் இல்லை, குட்டி செத்தால் சாப்பாடு போச்சு, அவ்வளவுதான். அதைச் சொல்ல எழுபது வயதுக்கு மேல் ஆனபோதும் அவரிடம் அது பத்திரமாக இருந்தது.

நீங்கள் "கிணறு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். முறைத்தண்ணீர் யாருக்கு எந்த ராத்திரி, யார் மடையை யார் இருட்டில் வெட்டிவிட்டது, மறுநாள் அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்தால் யார் முகத்தைத் திருப்புவது, இதெல்லாம் எழுதியாகிவிட்டதா என்ன?

மெய்ப்பு பார்ப்பவன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். சரக்கு தீராது, சேமிப்பு தீரும். நான் பதிப்பு வேலையில் இருப்பவன், அதனால் காசைப் பற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் ராயல்டி என்பது புத்தக விலையில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், கணக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ. முன்பணம் கொடுத்திருந்தால் அது கழிந்த பிறகுதான் அடுத்த காசு. வாடகையோ மாதாமாதம் வரும். கணக்கு எழுதுபவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கொத்தனார் மகன், பதினாறு வயதில் கட்டடக்கலை பழகப் போனார். எழுதிய முதல் நாவலைப் போட ஆள் கிடைக்கவில்லை. 1871இல் வந்ததற்குத் தானே பணம் கட்டினார். கட்டட வேலையைக் கைகழுவ முடிந்தது பத்திரிகைத் தொடர்கள் கிடைத்த பிறகுதான். 1874இல் ஒரு பண்ணைக்காரப் பெண்ணின் கதை மாதத் தொடராக வந்து பேரெடுத்தது. அதாவது கிராமம் கதையைக் கொடுத்தது, ஆனால் வேலையை விட வைத்தது தவணையாக வந்த பணம். அப்படியொரு வரும்படி வேறு ஏதாவது கண்ணில் தெரிகிறதா உங்களுக்கு?

கரிசல்காட்டான்:
ஏன் விட வேண்டும் என்றுதான் நான் கேட்பேன். நம் எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) விவசாயி, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். 1958இல் 'சரஸ்வதி' பத்திரிகையில் முதல் கதை வந்தபோது முப்பது வயதைக் கடந்திருந்தார். நிலத்தை வைத்துக்கொண்டேதான் எழுதினார். 1991இல் சாகித்ய அகாதமி, புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் பதவி, எல்லாம் அப்புறம் தேடி வந்தவை. முழுநேரம் எழுத ஆரம்பித்த சிலர், காசுக்காகக் கேட்டதையெல்லாம் எழுதி, எழுத நினைத்ததை எழுதாமலே போய்விட்டதையும் பார்த்திருக்கிறோமே. சம்பளம் இருந்தால் "முடியாது" என்று சொல்லலாம். அது சின்ன சுதந்திரமா?

களத்துமேடு:
எல்லோருக்கும் நன்றி. கரிசல்காட்டான் அண்ணா, வயலில் வேலை செய்கிறவர் மடை மாற்றிவிட்டு வரப்பில் உட்காரும்போது கதையை யோசிக்கலாம். எக்செல் தாளை வைத்துக்கொண்டு யோசித்தால் கூட்டல் தப்பாகிவிடும். மெய்ப்பு நண்பரே, வரும்படி என்றால் பகுதிநேரமாக இரண்டு சின்னக் கடைகளின் கணக்கைப் பார்த்துக்கொடுக்கலாம், அவ்வளவுதான் தெரிகிறது. மொழிபெயர்ப்பு, சினிமா என்கிறார்களே, அதையெல்லாம் நம்பலாமா?

மெய்ப்பு பார்ப்பவன்:
நம்பி உட்காராதீர்கள், ஆனால் கதவைச் சாத்தியும் விடாதீர்கள். முதல் புத்தகத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், திரை உரிமை மூன்றும் யாரிடம் இருக்கின்றன, எத்தனை ஆண்டுக்கு, அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பி வருமா என்று பாருங்கள். "அனைத்து உரிமைகளும்" என்று ஒரே வரியில் எழுதி வாங்கியிருந்தால் இரண்டாவது நாவலைக் கொடுப்பதற்கு முன்பே அதைப் பேசித் திருத்துங்கள், அடுத்த புத்தகம் கையில் இருக்கும்போதுதான் உங்கள் பேச்சு எடுபடும். அந்தப் பகுதிநேரக் கணக்கு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் கம்பெனியில் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள், பாதியில் நிற்கும் நாவல் அந்த விடுப்பில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.

திண்ணை வாசகி:
விடுப்பு கிடைத்தால் அதில் கொஞ்ச நாள் ஊருக்கும் போய் வாருங்கள் தம்பி. நோட்டை எடுத்துக்கொண்டு போய் யாரையும் பேட்டி மட்டும் எடுக்காதீர்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள்.