காரணம் சொன்னாலே வாதமா?

திருமங்கலம் மாணவி:
பாடத்தில் 'இது வாதமா?' என்று கேட்டு ஒரு வாக்கியம்: "வைகையில் தண்ணீர் இல்லை, ஏனென்றால் வருசநாட்டு மலையில் மழை பெய்யவில்லை." காரணம் இருக்கிறதே, பிறகு ஏன் 'வாதம் அல்ல' என்று விடை போட்டிருக்கிறார்கள்? எனக்கு இது தெளிவாக விளங்க வேண்டும்.

சிம்மக்கல் வாத்தியார்:
ஆறு காய்ந்து கிடப்பது மதுரையில் வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தில் நின்றாலே தெரியும்மா. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் காய்ந்தது என்று மட்டும் சொல்வதால் அது விளக்கம்.

கீழடியை எடுத்துக்கொள். "அங்கே எடுத்த கரித்துண்டைச் சோதித்தபோது கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று வந்தது. ஆகவே அப்போதே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள்." இந்த முடிவை ஒருவர் மறுக்கலாம். சான்று காட்டி அவரை ஏற்க வைக்கப் பார்க்கிறோம், அதனால் வாதம். சான்று போதுமா என்பது அடுத்த கேள்வி. பலவீனமான வாதமும் வாதம்தான். பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

மேலூர் விவசாயி:
"அணையைத் திறந்தால் மேலூருக்குத் தண்ணீர் வரும்" என்பது, சார்?

சிம்மக்கல் வாத்தியார்:
வாதம் இல்லைங்க. திறந்ததாகவும் சொல்லவில்லை, வந்ததாகவும் சொல்லவில்லை. "திறந்துவிட்டார்கள், ஆகவே வரும்" என்றால் வாதம்.

திருமங்கலம் மாணவி:
சரி சார். அப்போ, முடிவில் யாருக்காவது சந்தேகம் இருக்குமா என்று முதலில் பார்க்கிறேன்.