பெட்டியில் வைத்த பட்டுப்புடவை

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகர் அருகே டயர் கடையில் வேலை பார்த்த காலம். 2015. ஒரு பெரியவர் டிரெய்லரில் போர்ஷே கரேரா ஜிடி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து இறக்கினார். மொத்தமே 1,270 கார்கள்தான் செய்தார்கள். ஒன்றைக் கையால் தொட்டது அன்றுதான். பத்து சிலிண்டர், 612 குதிரைத்திறன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் உண்டு, வண்டி பக்கவாட்டில் வழுக்கினால் தானே சமாளிக்கும் இஎஸ்பி கிடையாது.

டயர் வரிகள் தேயவே இல்லை. ஆனால் பக்கச்சுவரில் 1205 என்றிருந்தது: 2005ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரம். பெட்டியிலேயே மடித்து வைத்த பட்டுப்புடவை இற்றுப்போகுமே, ரப்பரும் அப்படித்தான். பெரியவருக்கு அதைப் புரியவைக்க அரை மணி நேரமாயிற்று.

2013இல் கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும் ஓட்டிய நண்பரும் இறந்தது இதே மாடலில்தான். 72 கிலோமீட்டர் வேகத்துக்கான சாலையில் 130க்கும் மேல், ஒன்பது வயதான டயர்கள் என்றது விசாரணை. ஊரோ காரைத்தான் எமன் என்றது.

பதில்:
முழுப் பழியையும் டயர் மேல் போடாதீர்கள். 1975இல் வந்த போர்ஷே 930 டர்போவில் ஒருமுறை பக்கத்து இருக்கையில் போனேன். 'விதவையாக்கி' என்று பெயரெடுத்த வண்டி. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வலுவூட்டும் டர்போ சற்றுத் தாமதித்து, வளைவின் நடுவில் திடீரென்று உதைக்கும். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடிவிட்டு, வால் ஊஞ்சலாக வெளியே வீசும். பயப்படுகிறவன் இயல்பாகச் செய்வதே அதுதானே! ஈரமான வளைவொன்றில் நான் என் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். ஓட்டியவரின் கால் அசையவில்லை.

பதில்:
முதல் பதிவு என்னுடையதுதான். 930 பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் 2024இல் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் ஒரு கரேரா ஜிடி புது மிஷலின் டயர்களோடு 7 நிமிடம் 12 விநாடியில் சுற்றி வந்தது, இருபது ஆண்டுக்கு முந்தைய நேரத்தைவிட 16 விநாடி குறைவாக. எஞ்சின் சக்தியைக் கூட்டவில்லை.

பெரியவர் நான்கு டயரையும் மாற்றிக்கொண்டார். பழைய நான்கையும் துடைத்து, கம்பளி சுற்றி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரிஜினல் ஆயிற்றே.