ஜெட்: தாரையா, பீச்சா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிறந்துகொண்டிருக்கும் விண்மீனிலிருந்து மெல்லிய கோடாகச் சீறும் வாயுவை வானியலில் ஜெட் என்பார்கள்; அதைச் சுற்றி அகலமாக வெளியேறும் வாயுவை அவுட்ஃப்ளோ என்பார்கள். தமிழில் ஜெட்டுக்குத் தாரை, அவுட்ஃப்ளோவுக்கு வெளிப்பாய்வு என்று முடித்துவிடலாம் என்கிறது நேற்றைய மடல். இரண்டாவதில் எனக்குப் பாதிச் சம்மதம். முதலாவது சரிவரவில்லை.

கண்ணீர் தாரை தாரையாக வழியும். தாரை வார்த்தாலும் நீர் மேலிருந்து கீழேதான் இறங்கும். அந்தச் சொல்லில் ஒழுக்கு உண்டு, உந்துதல் இல்லை. தாரை விமானம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், விமானத்துக்கு அது பழகிவிட்டது.

2023 செப்டம்பரில் வெளியான ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தைப் பாருங்கள். பெர்சியஸ் என்னும் வாயு, தூசு முகிலில், சுமார் 1,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஹெர்பிக்-ஹாரோ 211. இளம் விண்மீன் உமிழும் வாயு சுற்றியுள்ள வாயுவில் மோதி ஒளிரும் இடங்களுக்கு ஹெர்பிக்-ஹாரோ என்று பெயர். நடுவில் இருக்கும் விண்மீனைத் தூசு மூடியிருக்கிறது. அது இன்னும் சூரியனின் நிறையில் 8 விழுக்காடுகூடத் தாண்டாத குழந்தை. அதன் இரு பக்கமும் வாயு சீறிப் பாய்கிறது. மோதலில் சூடேறிய ஹைட்ரஜன் மூலக்கூறு அகச்சிவப்பில் ஒளிர்வதால்தான் தூசையும் தாண்டி நமக்குத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் அது ஒரே கோடு அல்ல, முடிச்சு முடிச்சாக இருக்கிறது. விண்மீன் விட்டுவிட்டு உமிழ்ந்ததன் தடம் அது.

எங்கள் வீட்டில் பால் கறக்கும்போது கேட்ட சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. விரல் இறுகும் ஒவ்வொரு முறையும் காம்பிலிருந்து ஒரு பீச்சு, செம்பில் சர்ர் என்று ஒரு அடி. மெல்லிய கோடு, அழுத்தம், இடைவெளி மூன்றும் அதில் உண்டு. ஆகவே ஜெட்டுக்குப் பீச்சு என்பேன். இருமுனைப் பீச்சு, பீச்சு முடிச்சு என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன. மெரினாவும் பீச்சாங்கையும் நினைவுக்கு வந்து சிலர் சிரிப்பார்கள். நாலு கட்டுரை வந்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

அப்புறம் அவுட்ஃப்ளோ. வெளிப்பாய்வு என்றால் எல்லாம் விண்மீனுக்குள்ளிருந்தே வருவதுபோலத் தொனிக்கிறது. பீச்சு போகிற வழியில் முகிலின் வாயுவையும் வாரிக்கொண்டு போகிறது. இப்படி வாரப்பட்டது பீச்சைவிட அகலம், வேகம் குறைவு, நிறையோ அதிகம். வண்டி கழுவும் கடையில் குழாயிலிருந்து சீறுகிற நீர் வேறு, சக்கரத்துச் சேற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற கலங்கல் வேறு இல்லையா? அந்தக் கலங்கலுக்கு இழுபாய்வு என்று தனிச்சொல் வைக்கலாம். பொதுப்பெயராக வெளிப்பாய்வு இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், 85 செ.மீ. ஆடி கொண்ட பழைய தொலைநோக்கி ஸ்பிட்சர் காட்டியதையும் 6.5 மீட்டர் ஆடியுள்ள வெப் பிரித்துக் காட்டுவதையும் ஒரே கட்டுரையில் எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் திணறுவார்.

பீச்சின் முனையில் வில்போல வளைந்து நிற்கும் அதிர்ச்சி அலைக்கு வில்லதிர்ச்சி என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. மாற்று இருந்தால் சொல்லுங்கள்.