ஒரே கூடையில் இரண்டு அடைக்கோழிகள், என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் கொஞ்சம் சிறுவிடைக் கோழிகள் (சின்ன உருவ நாட்டுக்கோழி) வளர்க்கிறோம். கருப்புக் கோழி ஒன்றை 11 முட்டை வைத்து அடைக்கு உட்கார வைத்தோம். நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது செவலைக் கோழிக்கும் அடை வந்து, அதே கூடைக்குள் நெருக்கிக்கொண்டு உட்காருகிறது. போதாதென்று மற்ற கோழிகளும் அதிலேயே முட்டையிட்டுப் போகின்றன. அடை வைத்த முட்டைகளில் கரியால் கோடு போட்டிருப்பதால் புதியதைத் தினமும் பிரித்து எடுக்க முடிகிறது. ஆனால் இரண்டும் கொத்திக்கொள்ளும்போது முட்டைகள் ஓரத்துக்கு உருண்டு சில்லிட்டுப் போகின்றன. நேற்று ஒன்று உடைந்தது. உள்ளே குஞ்சு உருவாகியிருந்ததைப் பார்த்து மனசே ஆறவில்லை.

செவலைக்கு அடை தெளிய வேண்டும், அதாவது அடைகாக்கும் எண்ணம் போக வேண்டும். தண்ணீரில் முக்கி எடு, மூக்கில் இறகைக் குத்து என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த வதை வேண்டாம். அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், வயிற்றில் காற்றுப் படுகிற மாதிரி விட்டால் சில நாளில் தெளியும் என்று தெரியும். இந்த வெயிலில் அப்படி விட்டவர்கள் இருக்கிறீர்களா? மர நிழல் போதுமா? இல்லை, அதற்கும் தனியாக முட்டை வைத்துவிடலாமா? தூக்கிப் பார்த்தால் சதை வற்றி நெஞ்செலும்பு கையில் தட்டுகிறது. 21 நாள் தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

அப்புறம், கருப்பியை இரவில் முட்டையோடு வேறு இடத்துக்கு மாற்றினால் உட்காருமா, எழுந்து பழைய இடத்துக்கே ஓடிவிடுமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.