டைரக்டர் அடையாளச் சரிபார்ப்பு: ஆப் பாஸ்போர்ட்டைப் படிக்கவில்லை, அவசரம்

உம்லாங்காவாசி
வணக்கம். கம்பெனி டைரக்டர்கள் எல்லாரும் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டுமாம். ஆப்பில் பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுக்கிறது. அப்புறம் போனைப் பாஸ்போர்ட் மேல் வைக்கச் சொல்கிறது. வைத்தால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று வருகிறது. பாஸ்போர்ட் உறையைக் கழற்றியாயிற்று, மனைவியின் போனிலும் பார்த்தாயிற்று. மாதக் கடைசிக்குள் முடிக்கவேண்டும் என்று மச்சான் தினமும் போன் போடுகிறான். யாருக்காவது வழி தெரியுமா?

பீனிக்ஸ் தம்பி
சிஐபிசி, அதாவது நம் தென்னாப்பிரிக்கக் கம்பெனிப் பதிவு அலுவலக வேலைதானே அண்ணா? அதற்கு ஆப்பே வேண்டாம். ஐடி நகலைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் முத்திரை போட்டுத் தருவார்கள், காசு கிடையாது. அதையும் பங்குதாரர் பதிவேட்டையும் சேர்த்து ஏற்றிவிடுங்கள். 2024 ஜூலை 1 முதல் உண்மையான உரிமையாளர் யார் என்று பதியாமல் ஆண்டு ரிட்டர்ன் போடவே விடுவதில்லை. அங்கேதான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

மேலூரான் ஜோபர்க்
நூற்றுக்குத் தொண்ணூறு போன்தான் காரணம். என்எஃப்சி (பாஸ்போர்ட்டில் உள்ள சிப்பைப் போன் படிக்கும் வசதி) ஆன் செய்திருக்கிறீர்களா? போனுக்கு இரும்பு பேக் கவர் இருந்தால் கழற்றுங்கள். போனின் மேல்பாதியை வைத்து, அசைக்காமல் பிடியுங்கள். என் நண்பனுக்கு மேசையில் வைத்தபோது வரவில்லை, கையில் பிடித்தபோது வந்தது.

லெனேசியா அக்கா
தம்பி, எந்த நாட்டுக் கம்பெனி? எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்த வருஷம் எடுத்தது? டைரக்டர் மட்டும்தானா, பங்கும் உண்டா? இதெல்லாம் சொன்னால்தான் சரியான பதில் சொல்ல முடியும்.

கணக்காயர்63
இந்த விஷயத்தை இங்கே பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். டைரக்டர் என்று கையெழுத்துப் போடுகிறவருக்குச் சட்டத்தில் தன் கடமை என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பதிவில் வரவேண்டும். சொந்தமாகச் செய்யத் தெரியாவிட்டால் படித்த கணக்காளரிடம் போங்கள்.

உம்லாங்காவாசி
லண்டன் கம்பெனி. இங்கிருந்து ரூய்போஸ் தேயிலை அனுப்புகிறேன், ஹாரோவில் மச்சான் விற்கிறான். நானும் ஒரு டைரக்டர், 30 சதவீதம் என் பெயரில். இந்தியப் பாஸ்போர்ட், 2018-இல் மதுரையில் எடுத்தது. என்எஃப்சி ஆனில்தான் இருக்கிறது.

லெனேசியா அக்கா
அப்படியானால் போனைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட்டில் சிப் இல்லை. இந்தியாவில் பொதுமக்களுக்குச் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் 2024-இல்தான் வர ஆரம்பித்தது. அட்டையில் பொன்னிறத்தில் ஒரு சின்னச் செவ்வகம், நடுவே வட்டம் இருக்கும். உங்களுடையதில் அது இருக்காது. இல்லாத சிப்பை எந்தப் போனும் படிக்காது.

இது பிரிட்டனின் கம்பெனிப் பதிவு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் விதி, 2023-இல் வந்த சட்டத்தின் கீழ். 2025 நவம்பர் 18 முதல் புதிய டைரக்டர்களுக்குக் கட்டாயம். ஏற்கெனவே இருப்பவர்கள் அதன்பின் வருகிற கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மெண்டோடு (கம்பெனி விவரம் சரிதான் என்று வருஷா வருஷம் போடுவது) காட்ட வேண்டும். மச்சான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான். நீங்கள் பார்த்த ஒன் லாகின் ஆப் (பிரிட்டன் அரசின் அடையாளச் சரிபார்ப்பு ஆப்) இலவசம், வெளிநாட்டிலிருந்தும் செய்யலாம், ஆனால் சிப் பாஸ்போர்ட் வேண்டும். ஆப் இல்லாமல் இணையத்தில் செய்யும் கேள்வி பதில் முறைக்கு பிரிட்டன் முகவரி வேண்டும், தபால் நிலைய முறைக்கு அங்கே நேரில் போக வேண்டும். இரண்டும் உங்களுக்கு ஆகாது.

மிச்சம் ஒரே வழி, ஏசிஎஸ்பி. கம்பெனீஸ் ஹவுஸில் அதற்கென்று பதிவு பெற்ற கணக்காளர் அல்லது சொலிசிட்டர். சிப் இல்லாத பாஸ்போர்ட்டையும் இன்னொரு ஆவணத்தையும் வைத்து அவர்களே சரிபார்ப்பார்கள். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பீனிக்ஸ் தம்பி
டர்பனில் நோட்டரி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் முத்திரை வாங்கி அனுப்பினால் ஆகாதா?

லெனேசியா அக்கா
நோட்டரி முத்திரை மட்டும் போதாது தம்பி. பிரிட்டனின் பணமோசடித் தடுப்பு விதிகளின் கீழ் கண்காணிப்பில் இருக்கிறவர்தான் ஏசிஎஸ்பியாக முடியும். பதிவு பெற்றவர்களின் பட்டியலைக் கம்பெனீஸ் ஹவுஸே வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாத யாருக்கும் பாஸ்போர்ட் படம் அனுப்பாதீர்கள்.

மேலூரான் ஜோபர்க்
இவ்வளவு தொல்லைக்கு டைரக்டர் பொறுப்பை விட்டுவிடலாமே. பங்கு மட்டும் இருந்தால் போதாதா? என் நண்பனுக்கு அந்த ஆப் ஒழுங்காக வேலை செய்தது, அது வேறு விஷயம்.

லெனேசியா அக்கா
உங்கள் நண்பர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பார். டைரக்டர் பொறுப்பை விட்டாலும் தம்பி தப்ப முடியாது. அங்கே 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கிறவரும் சரிபார்த்தாக வேண்டும். இவருக்கு 30.

கணக்காயர்63
25 என்பது தவறு. 5 சதவீதம். சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசவும்.

லெனேசியா அக்கா
ஐயா, 5 நம் தென்னாப்பிரிக்கக் கணக்கு. பிரிட்டனில் 25-க்கு மேல். சரியாக 25 வைத்திருந்தால்கூட அந்த வகையில் வராது. தம்பி எந்த நாட்டுக் கம்பெனி என்று சொன்ன பிறகும் இங்கத்திய எண்ணைச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

கணக்காயர்63
நான் சொன்னது இந்த நாட்டுச் சட்டம். அது சரியே.

வெருலம் கடைக்காரர்
எந்த நாடாக இருந்தால் என்ன, கஷ்டம் சின்ன ஆட்களுக்குத்தான். 2023 பிப்ரவரியில் நம் நாட்டைப் பணமோசடித் தடுப்பில் குறையுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் போட்டார்கள், 2025 அக்டோபரில் எடுத்தார்கள். நடுவில் எத்தனை காகிதம். கோடிக்கணக்கில் கொள்ளையடித்தவன் வக்கீல் வைத்து முடித்துக்கொள்கிறான். மளிகைக்கடை வைத்திருக்கிற நான் பாதி நாள் கடையைச் சாத்திவிட்டு ஐடி நகலுக்கு வரிசையில் நிற்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மீனா
உங்கள் வருத்தம் நியாயம் அண்ணாச்சி. ஆனால் சோதனை இல்லாதிருந்தபோது நடந்ததையும் பாருங்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் சித்தி வீட்டு முகவரியில் யாரோ கம்பெனி பதிந்துவிட்டார்கள். வரிக் கடிதம், கடன்காரன் கடிதம் என்று வந்து குவிந்தது. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் சித்தி திறக்கப் பயப்பட்டாள். அங்கே எந்தப் பெயரையும் முகவரியையும் கொடுத்துக் கம்பெனி தொடங்கலாம், கேட்பாரில்லை என்று இருந்தது. இந்தச் சட்டம் முன்னமே வந்திருக்க வேண்டும்.

வெருலம் கடைக்காரர்
சித்திக்கு நடந்தது அநியாயம்தான் தங்கச்சி. அதற்கு என் பாஸ்போர்ட்டை ஊர் முழுக்கக் காட்ட வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் மீனா
காட்ட மாட்டார்கள். பிறந்த தேதியில் மாதமும் வருஷமும்தான் பொதுப்பதிவில் தெரியும். வீட்டு முகவரியும் தெரியாது, கடிதம் வருவதற்கு வேறு முகவரி கொடுத்திருந்தால்.

உம்லாங்கா அண்ணா, இன்னொன்று. உங்கள் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியா? நம் ஆட்கள் பலருக்கு அப்படித்தான். கம்பெனி பதிந்தபோது மச்சான் உங்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கலாம். பெயர், பிறந்த தேதி இரண்டையும் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் டைரக்டர் விவரம் திருத்த சிஎச்01 படிவம் இருக்கிறது.

உம்லாங்காவாசி
சர்நேம் காலிதான். பதிவில் அப்பா பெயர் இருக்கிறது. மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.

மேலூரான் ஜோபர்க்
என்ன ஆயிற்று? நடந்ததை எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும்.

உம்லாங்காவாசி
முடிந்தது. ஹாரோவில் பட்டியலில் இருந்த ஒரு கணக்காளர் வீடியோ காலில் பார்த்துச் செய்து கொடுத்தார். கம்பெனீஸ் ஹவுஸிலிருந்து 11 எழுத்துக் குறியீடு மின்னஞ்சலில் வந்தது. சிஎச்01 மச்சான் போட்டுவிட்டான். அக்காவுக்கும் மீனாவுக்கும் நன்றி. ஸ்டேட்மெண்டில் குறியீடு போட்டாயிற்று, அவ்வளவுதானே?

லெனேசியா அக்கா
இல்லை தம்பி. அது டைரக்டர் என்ற முறையில் போட்டது. 30 சதவீதப் பங்குக்காரர் என்ற முறையில் அதே குறியீட்டைத் தனியாக ஒருமுறை பதிய வேண்டும், ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து 14 நாளுக்குள். மச்சானும் டைரக்டராக இருந்து 25 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தால் அவருக்கும் அதே கதைதான். இருவரும் இன்றே பார்த்துவிடுங்கள்.